மிச்சம் என்று எழுதிய கணக்கு: மதுரை வீடு ஒன்றின் ஒன்பது மாத மளிகைச் செலவு

2023 ஜனவரி முதல் செப்டம்பர் வரை எங்கள் வீட்டின் மளிகை, காய்கறிச் செலவைக் குறைப்பதற்கு நாங்கள் மனமறிந்து எடுத்துக்கொண்ட முயற்சி, அந்த ஒன்பது மாதங்களில் எங்களுக்கு 6,617 ரூபாய் கூடுதல் செலவில் முடிந்தது. ஊதாரித்தனம் எதுவும் இதில் இல்லை. ஒவ்வொரு பொருளையும் விலை கேட்டு, எடை பார்த்து, நோட்டில் எழுதித்தான் வாங்கினோம். அப்படி எழுதிய கணக்கு எப்படித் தவறான திசையில் எங்களை நடத்தியது என்பதை, எங்களைப் போல மாதச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

மதுரை திருநகரில், வாடகை வீட்டின் இரண்டாம் தளத்தில் குடியிருக்கிறோம். அம்மா, நான், என் மனைவி, அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள், எட்டாம் வகுப்பில் இருந்த மகன் என்று வீட்டில் ஐந்து பேர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மாதம் 2,000 ரூபாயாவது ஒதுக்கியாக வேண்டியிருந்தது. வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் தொட முடியாது. குறைக்க முடியும் என்று கண்ணில் பட்டது, தெருமுனை அண்ணாச்சி கடையிலும் வாசலில் வரும் காய்கறி வண்டியிலுமாக மாதம் ஏறத்தாழ 13,000 ரூபாய் ஆகிக்கொண்டிருந்த சாப்பாட்டுச் செலவு ஒன்றுதான். எனவே பருப்பு, பயறு வகைகளைக் கீழமாசி வீதி மொத்தக் கடைகளிலும், காய்கறியைச் சனிக்கிழமைதோறும் மாட்டுத்தாவணி சந்தையிலும், எண்ணெயை டின்னாகவும், அரிசியை விலை குறைந்த மூட்டையாகவும் வாங்குவது என்று பொங்கல் கழிந்ததும் முடிவு செய்தோம்.

என் மனைவி ஒரு நோட்டுப் போட்டார். பொருளின் பெயர், கொடுத்த விலை, அண்ணாச்சி கடையில் அதே பொருள் வாங்கியிருந்தால் கூடுதலாக ஆகியிருக்கக்கூடிய தொகை என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியின் தலைப்பு ‘மிச்சம்’. செப்டம்பர் கடைசியில் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகை 7,460 ரூபாய். ஆனால் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் இல்லை. மாறாக, வழக்கத்தைவிடக் கை கடித்தது. அக்டோபர் விடுமுறையில் இரண்டு நாள் உட்கார்ந்து மின்கட்டண ரசீதுகள், பெட்ரோல் போட்ட குறிப்புகள், கடன் அட்டை அறிக்கை, குப்பைக்குப் போனவற்றை மனைவி ஏப்ரல் முதல் நாள்காட்டியில் குறித்துவைத்திருந்த பட்டியல் ஆகியவற்றை ஒன்றாகப் பரப்பிவைத்துத் திரும்பக் கணக்கெழுதினோம். ஏப்ரலுக்கு முந்தைய மூன்று மாதங்களில் வீணானவற்றுக்குக் குறிப்பு இல்லாததால், பிந்தைய மாதங்களின் சராசரியில் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

முதலில் பயறு. ஜனவரியில் பாசிப்பயறு பத்து கிலோ, கிலோ 105 ரூபாய் வீதம் வாங்கினோம். அண்ணாச்சி கடையில் 118 ரூபாய். நோட்டில் 130 ரூபாய் மிச்சம் ஏறியது. எங்கள் வீட்டுக்கு மாதம் முக்கால் கிலோ பயறு போதும் என்பதும், எனவே பத்து கிலோ என்பது பதின்மூன்று மாதச் சரக்கு என்பதும் வாங்கும்போது எண்ணிப் பார்க்காத ஒன்று. நான்காவது மாதம் டப்பாவைத் திறந்தபோது மேலே பழுப்பு வண்டுகள் ஊர்ந்தன. பயறுகளில் ஊசி குத்தியதுபோல வட்டத் துளைகள். அடியில் மாவுபோலத் தூசி. அம்மா சுளகில் புடைத்து, மாடியில் காயவைத்து இரண்டரை கிலோவைத் தேற்றினார். நாலரை கிலோவைக் கொட்ட வேண்டியதாயிற்று. பத்து கிலோவுக்குக் கொடுத்த 1,050 ரூபாயைச் சாப்பிட்ட ஐந்தரை கிலோவால் வகுத்தால் கிலோ 191 ரூபாய். கடையில் 118 ரூபாய்க்குக் கிடைத்ததை 191 ரூபாய்க்கு வாங்கி, 130 ரூபாய் மிச்சம் என்று எழுதிவைத்திருக்கிறோம்.

இதில் கடைக்காரர் ஏமாற்றியதாக எதுவும் இல்லை. பயறு வண்டின் தாய், முழுப் பயறின் தோல்மேல் முட்டையை ஒட்டிவிடுகிறது. புழு உள்ளே துளைத்துப்போய் அங்கேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வருகிறது. வயலில் நிற்கும்போதே முட்டை விழுந்துவிடக்கூடும் என்பதால், வாங்கும் நாளில் பயறு பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். ஒரு தலைமுறை வெளியே வந்து, அது மறுபடியும் முட்டையிட்டு, அடுத்த தலைமுறை வரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மாத அளவில் வாங்குகிற வீட்டில் அந்தச் சுழற்சி முடிவதற்குள் பயறு குழம்பாகிவிடுகிறது. மூன்று மாதத்துக்குமேல் வைத்திருக்கிற வீட்டில் டப்பாவே வண்டுக்குப் பண்ணையாகிறது. உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை மிகக் குறைவு; முழு விதைக்குள்தான் அதன் புழுவுக்கு வாழ்க்கை. நாங்கள் அதே நாளில் வாங்கிய துவரம் பருப்பு கடைசிவரை நன்றாகவே இருந்ததற்கு இதுவே காரணம். கொண்டைக்கடலையும், வறுக்காமல் வைத்த ரவையும் கெட்டுப்போயின. இவற்றில் வீணானது 560 ரூபாய்.

இந்த இடத்தில் அம்மா சொன்னதைச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் மொத்தமாக வாங்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு அவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் அவர் வளர்ந்த வீட்டில் வருசத்துக்கான சாமான் முழுவதையும் ஒரே மூச்சில் வாங்கிவைப்பார்கள். “அன்னைக்கு வாங்கி வச்சோம்னா, அன்னைக்கு வெயிலு இருந்துச்சு, முற்றம் இருந்துச்சு, திங்கிறதுக்குப் பதினாலு பேரு இருந்தோம்” என்றார். அறுவடை நேரத்தில் விலை உண்மையிலேயே இறங்கியிருக்கும்போது வாங்குவார்கள். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து, பிறகுதான் உடைப்பார்கள். பருப்பில் விளக்கெண்ணெய் தடவி, காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டுப் பானையில் மூடுவார்கள். நெல், மண்ணால் செய்த குலுக்கையில் இருக்கும். புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அழுத்தி வைப்பார்கள். சித்திரை வெயிலில் பெண்கள் பல நாள் செய்த அந்த வேலைதான் சாமானைக் காப்பாற்றியது. நாங்கள் அந்த அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலையையும் வெயிலையும் ஆளெண்ணிக்கையையும் விட்டுவிட்டோம். அதற்குமேல், கீழமாசி வீதியில் ஜனவரியில் நாங்கள் கண்ட விலைக் குறைவு அறுவடைக் காலத்து இறக்கமும் அல்ல. மொத்தக் கடைக்கும் சில்லறைக் கடைக்கும் எப்போதும் இருக்கும் பத்துப் பன்னிரண்டு ரூபாய் வித்தியாசம் மட்டுமே.

எண்ணெயில் நடந்தது வேறு வகை. கடலை எண்ணெய் டின் 2,700 ரூபாய். ‘பதினைந்து டின்’ என்றுதான் கடையில் சொல்வார்கள். நான் அதைப் பதினைந்து கிலோ என்று எடுத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம் என்பதால், பதினைந்து கிலோ என்பது பதினாறரை லிட்டர் ஆகிறது. லிட்டர் 164 ரூபாய்க்குக் கிடைப்பதாகக் கணக்குப் போட்டு மகிழ்ந்தேன். டின்மேல் அச்சிட்டிருந்தது 15 லிட்டர், 13.65 கிலோ. லிட்டர் 180 ரூபாய். அண்ணாச்சி கடையில் ஒரு லிட்டர் பாக்கெட் 190 ரூபாய் என்பதால், லிட்டருக்கு 26 ரூபாய் என்று நினைத்த ஆதாயம் பத்து ரூபாயாகச் சுருங்கியது. இப்போதெல்லாம் பாக்கெட்டுகளில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதை அச்சிட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. எண்ணெய், பிஸ்கட் போன்றவற்றை இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு இருந்த கட்டாயம் நீங்கி, 850 கிராம், 750 கிராம் என்றெல்லாம் பாக்கெட்டுகள் வரும் நிலையில், அந்தச் சிறிய எழுத்தைப் படிப்பதைத் தவிர நமக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

அளவுக் குழப்பம் சிறியது. செலவழித்த வேகம்தான் பெரியது. பாக்கெட் வாங்கிய காலத்தில் மாதம் மூன்றரை லிட்டர் எண்ணெயோடு குடும்பம் நடந்தது. அந்த வேகத்தில் பதினைந்து லிட்டர் நான்கு மாதத்துக்குமேல் வந்திருக்க வேண்டும். மூன்று டின்களில் ஒவ்வொன்றும் மூன்றே மாதத்தில் தீர்ந்தது. மாதக் கடைசியில் பாக்கெட்டின் அடியில் இருப்பதைப் பார்த்து, ‘இன்னும் நாலு நாள் ஓட்ட வேண்டும்’ என்று கையைச் சுருக்கிக்கொள்வது முன்பு தானாகவே நடந்துவந்தது. டின் நிறைந்திருக்கும் வீட்டில் அந்தச் சுருக்கம் இல்லாமல் போயிற்று. ஞாயிறுதோறும் வடை, பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளுக்குப் பஜ்ஜி, தோசைக்கல்லில் கூடுதலாக ஒரு கரண்டி. ஒரு டின்னுக்கு நாலரை லிட்டர் கூடுதல், லிட்டர் 190 வீதம் 855 ரூபாய், மூன்று டின்னுக்கு 2,565 ரூபாய். அதற்கு எதிராக நோட்டில் ஏறியிருந்த மிச்சம் 450. பொரித்த எண்ணெயை வீணாக்கக் கூடாது என்று எடுத்துவைத்து மறுபடி மறுபடி காய்ச்சியதையும் சொல்லியாக வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் உணவகங்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டு வாணலியை அளந்து பார்க்க ஆள் இல்லை. அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு இருக்கும் வீட்டில் அதைச் செய்தோம் என்பது பணக்கணக்கில் வராவிட்டாலும் எனக்கு உறுத்துகிறது.

காய்கறிக்கு வருகிறேன். திருநகரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போக வர ஏறத்தாழ 28 கிலோமீட்டர். என் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது. அப்போது பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய். ஒரு நடைக்கு 64 ரூபாய், வண்டி நிறுத்தப் பத்து ரூபாய், ஆக 74. முப்பத்தாறு நடைக்கு 2,664 ரூபாய். பெட்ரோல் செலவு என் சட்டைப்பையிலிருந்து போனதால் மனைவியின் நோட்டில் அது ஒருபோதும் ஏறவில்லை. சந்தையில் தக்காளி 15 ரூபாய்க்குக் கிடைத்தால் பத்து கிலோ எடுத்தேன். வாசல் வண்டியில் 25 ரூபாய். ஐந்து பேருக்கு வாரத்துக்கு நான்கு கிலோ போதும். எஞ்சியதில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததுபோக, மூன்று நான்கு கிலோ அப்படி வாங்கிய வாரங்களில் கனிந்து நீர்விட்டது. பழுக்கும் தக்காளியிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருப்பவற்றையும் சீக்கிரம் பழுக்கவும் வாடவும் செய்யும் என்பது தெரியாமல், கீரையையும் வெள்ளரியையும் அதே கூடையில் வைத்தோம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாகக் கொட்டிவைத்ததில் இரண்டுமே முளைவிட்டும் அழுகியும் போயின. வாசல் வண்டி விலையில் கணக்கிட்டால் வீணான காய்கறி மட்டும் 1,980 ரூபாய்.

ஜூலையில் வேறொரு படபடப்பு. அந்த மாதம் தமிழகம் முழுவதும் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசு, தன் பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடைகளிலும் குறிப்பிட்ட நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. விலை இன்னும் ஏறும் என்ற பயத்தில், ஒரு சனிக்கிழமை சந்தையில் 85 ரூபாய்க்குக் கிடைத்ததை ஐந்து கிலோ வாங்கிவந்தேன். ஒன்றரை கிலோ அழுகியது. சாப்பிட்ட மூன்றரை கிலோவுக்குக் கொடுத்த விலை கிலோ 121 ரூபாய். விலை ஏறும்போது குறைவாகச் சமைப்பதும், ரசத்துக்குப் புளியை முன்னால் கொண்டுவருவதும்தான் எங்கள் சமையலறை காலங்காலமாக அறிந்த வழி. பதுக்கிவைக்கக் கூடிய பண்டம் அல்ல தக்காளி.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது குளிர்சாதனப் பெட்டியின் கதை. மார்ச் மாதத்திலேயே காய்கறி வீணாவது தெரிந்துவிட்டது. அப்போது அளவைக் குறைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நாங்களோ, வாங்குவது சரிதான், வைக்க இடம் இல்லாததுதான் குறை என்று முடிவுகட்டி, 7,500 ரூபாய்க்கு ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியை இரண்டாவதாக வாங்கினோம். அதன் கதவு ரப்பர் தளர்ந்திருந்தது. மதுரைக் கோடையில் மோட்டார் நிற்காமல் ஓடியது. அதை ஒரு வாரம் அணைத்தும் ஒரு வாரம் ஓட்டியும் மின்மானியைப் பார்த்ததில், நாளொன்றுக்கு 1.3 யூனிட் எடுத்தது தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு 78 யூனிட். யூனிட் ஐந்தாறு ரூபாய் என்று வைத்தால்கூட நானூறுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணம் அப்படி நேர்கோட்டில் போவதில்லை. 2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்திருந்த விகிதத்தின்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் முதல் 100 யூனிட் இலவசம் தொடரும், ஆனால் இரண்டாவது நூறுக்கும் 2.25 அல்ல, 4.50 ரூபாய், 501 முதல் 600 வரை யூனிட் 8 ரூபாய். முந்தைய ஆண்டு இதே மாதங்களில் நாங்கள் 450-க்கும் 480-க்கும் இடையில் நின்ற வீடு. 462 யூனிட்டுக்கான கட்டணம் 1,497 ரூபாய். அதோடு 78 சேர்ந்து 540 ஆனபோது கட்டணம் 2,270 ரூபாய். 78 யூனிட்டுக்கு 773 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு ஏறத்தாழ 9.90 ரூபாய். அந்த அடுக்கின் உச்ச விகிதமான 8 ரூபாயைவிட அதிகம், ஏனென்றால் எல்லையைத் தாண்டியதற்காகவே 225 ரூபாய் தனியாக ஏறியிருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று பில்களுக்கு, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இதே வித்தியாசம் என்று கொண்டால் 2,319 ரூபாய். பெட்டியை அக்டோபரில் 5,000 ரூபாய்க்குத்தான் விற்க முடிந்தது. அதில் நட்டம் 2,500. பத்து ரூபாய் மலிவாகத் தக்காளி வாங்கும் பழக்கத்தைத் தாங்கிப்பிடிப்பதற்காக, ஆறு மாதத்தில் 4,819 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

பில் வந்தபோது ஏன் விழித்துக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். கோடையில் மின்விசிறி கூடுதலாக ஓடுகிறது, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். மின்கட்டணத்தைக் கைபேசியில் கட்டுகிறவன் நான்; நோட்டை எழுதுகிறவர் என் மனைவி; குப்பைக் கூடையைக் காலையில் வெளியே வைக்கிறவர் அம்மா. மிச்சம் ஒருவர் கையிலும், அதன் விலை வேறு இருவர் கையிலுமாக இருந்தது. மூன்றையும் ஒரே தாளில் பார்க்கும்வரை யாருக்கும் முழுக் கணக்கு தெரிய வழியில்லை.

அரிசியில் நட்டம் சிறியது, ஆனால் காரணம் அறியத் தக்கது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தபின், ஆலைகள் 26 கிலோ சிப்பங்களாக விற்கத் தொடங்கின; இது தெரியாமல் பழைய 25 கிலோ விலையோடு ஒப்பிட்டால் முதலிலேயே கணக்குப் பிசகும். நாங்கள் வழக்கமாக வாங்கும் பழைய அரிசி 26 கிலோ 1,480 ரூபாய். அறுவடையாகி அதிக நாள் ஆகாத புது அரிசி 1,320. சிப்பத்துக்கு 160 ரூபாய் மிச்சம். பழைய அரிசி 32 நாள் வந்தது, புது அரிசி 27 நாள்தான் வந்தது. பழைய அரிசி தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சி விரியும், சோறு காணும். புது அரிசி சீக்கிரம் வெந்து குழையும், படி அளந்து போட்டாலும் சட்டியில் சோறு குறைவாகவே இருக்கும். நாளொன்றுக்கு 46 ரூபாய் 25 காசுக்கு ஓடிய சோற்றுச் செலவு 49 ரூபாயைத் தொட்டது. குறைந்துபோன ஐந்து நாளின் அரிசி 231 ரூபாய்; இரண்டு சிப்பத்தோடு நிறுத்திவிட்டதால் 462 ரூபாயோடு முடிந்தது.

ஜனவரியில் ஒரே நேரத்தில் பதினோராயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கியதால், அந்த மாதம் மகனின் பள்ளிக் கட்டணத்தில் 6,000 ரூபாயைக் கடன் அட்டையில் கட்டினேன். மாதம் 3.5 சதவீத வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; இரண்டு மாதத்தில் 496 ரூபாய். பரணில் பயறாக உட்கார்ந்திருந்த பணத்துக்கு வட்டி கட்டினோம் என்பதே இதன் பொருள்.

பல்பொருள் அங்காடிச் சலுகைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அவற்றில் வாங்கியது பெரும்பாலும் தின்று தீர்ந்தது. ஆனாலும் 1,500 ரூபாய்க்குமேல் வாங்கினால் சர்க்கரை மலிவு என்பதற்காக, தேவையற்ற நொறுக்குத் தீனி 340 ரூபாய்க்கு எடுத்த நாளும் உண்டு. பெரிய பொதிதான் மலிவு என்ற நம்பிக்கையும் எப்போதும் சரியல்ல. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் கிராம் விலை, பக்கத்து அலமாரியில் இருந்த ‘குடும்பப் பொதி’யைவிடக் குறைவாக இருந்ததை என் மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

ஆக, வீணான பயறு, கடலை, ரவை 1,091, கூடுதல் எண்ணெய் 2,565, வீணான காய்கறி 1,980, பயணம் 2,664, மின்கட்டணம் 2,319, குளிர்சாதனப் பெட்டியில் நட்டம் 2,500, வட்டி 496, அரிசி 462. கூட்டினால் 14,077 ரூபாய். அதிலிருந்து நோட்டில் ஏறிய 7,460-ஐக் கழித்தால் 6,617. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் பார்த்தபோது எங்களுக்குப் புலப்பட்டது: கடையில் எடுத்த ஒரு கிலோவுக்கு என்ன கொடுத்தோம் என்பதை மட்டுமே எழுதிவந்தோம், இலையில் விழுந்த ஒரு கிலோவுக்கு என்ன கொடுத்தோம் என்பதை எழுதவே இல்லை. பயறு 105-க்கும் 191-க்கும் இடையில் கிடந்த தூரம் முழுவதும் அந்த எழுதப்படாத பத்தியில்தான் இருந்தது.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இந்த ஒன்பது மாதமும் நியாயவிலைக் கடைப் பருப்பையும் பாமாயிலையும் நாங்கள் வாங்கவில்லை. வரிசையில் நிற்க நேரமில்லை என்று விட்டுவிட்டோம். குடும்ப அட்டை மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியில் அந்தப் பருப்பு அப்போது 150 ரூபாய். எங்கள் தெருவிலேயே இருக்கும் கடையில் ஒரு கிலோவில் கிடைக்கும் 120 ரூபாய் ஆதாயத்தை, கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் மலிவான கீழமாசி வீதியில் பெற வேண்டுமானால் பத்து கிலோ வாங்கியாக வேண்டும். அரை மணி நேரம் வரிசையில் நிற்க மனமில்லாமல், வாரம் இரண்டரை மணி நேரத்தை மாட்டுத்தாவணிச் சாலையில் செலவழித்தேன். நியாயவிலைக் கடை நம்மைப் போன்றவர்களுக்கு அல்ல என்ற எண்ணம் எங்களுக்குள் எப்படியோ புகுந்திருந்தது. மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, 1999 நவம்பரில் மாநிலத்தின் முதல் உழவர் சந்தை அண்ணா நகரில் திறக்கப்பட்டது என்பது பெருமையாகச் சொல்லத் தெரியும். அலுவலகம் போகும் வழியில் பழங்காநத்தத்தில் ஓர் உழவர் சந்தை இருப்பதையும், அங்கே வாரம் இருமுறை இரண்டு கிலோ தக்காளியை எடுத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோல் இல்லாமல் வந்துவிடலாம் என்பதையும் அந்த ஒன்பது மாதமும் யோசிக்கவில்லை.

அக்டோபரில் மாற்றினோம். மொத்தமாக வாங்குவதை அடியோடு விடவில்லை. மாசி, பங்குனியில் புது வரத்துப் புளி ஐந்து கிலோ, சித்திரையில் மிளகாய் வற்றலும் மல்லியும், அம்மா மொட்டை மாடியில் காயவைத்து அரைத்துத் தரும் குழம்புப் பொடிக்கான சாமான் ஆகியவற்றை இப்போதும் வருசத்துக்கு ஒருமுறைதான் வாங்குகிறோம். இவற்றில் பருவ விலை இறக்கம் உண்மையானது, நன்றாகக் காயவைத்து மூடிவைத்தால் இவை சீக்கிரம் கெட்டுப்போவதில்லை, கூடுதலாக இருப்பதால் யாரும் கூடுதலாகச் சாப்பிடுவதும் இல்லை. முழுப் பயறு ஒரு கிலோவுக்குமேல் வீட்டுக்குள் வருவதில்லை. எண்ணெய் மறுபடி ஒரு லிட்டர் பாக்கெட்டுதான், மாதத்துக்கு நான்கு. அண்ணாச்சி கடைக்குத் திரும்பிப் போனபோது அவர் எதுவும் கேட்கவில்லை, பயறு கேட்டதும் “நேத்துத்தான் வந்துச்சு தம்பி, ஒரு கிலோ போதும்ல?” என்றார்.

அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை ஆறு மாதங்களின் சராசரி, நியாயவிலைக் கடைப் பொருள்களையும் சேர்த்து, மாதம் 11,900 ரூபாய். இலக்காக வைத்த 2,000-ஐ எட்டவில்லை, 1,100 எட்டியிருக்கிறோம். மின்மானி 500-க்குள் திரும்பிவிட்டது. நோட்டில் இப்போது நான்காவதாக ஒரு பத்தி இருக்கிறது, ‘கொட்டியது’ என்று. அதை அம்மா எழுதுகிறார். மார்ச் மாதப் பக்கத்தில் அதில் மூன்று வரிகள்: கொத்தமல்லி ஒரு கட்டு, புளித்துப்போன மாவு இரண்டு கரண்டி, முருங்கைக்காய் ஒன்று.